அவுட்பாக்ஸில் நின்ற சம்மதம்

சார்ஜாவில் கட்டட வேலைகளுக்குச் சாரக் குழாய்களும் பலகைகளும் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் உதயசூரியன் பதினோரு வருடமாக ஸ்டோர் கீப்பராக இருந்தான். நாற்பது நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தான். ஊர், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் சேந்தன்குடி. கிளம்பும்போது கம்பெனி லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். அவசரத்துக்கு என்றார்கள். லீவின் பதினேழாம் நாள், திங்கட்கிழமை காலையில், அந்த அவசரம் வந்தது.

மேனேஜர் வர்கீஸிடமிருந்து ஒரு மெயில். ராசல் கைமாவில் புது ஸ்டோர் திறக்கிறார்கள். அதற்கு உதயசூரியனை இன்சார்ஜாகப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். புது ஒப்பந்தம், மூன்று வருடம். சம்மதம் என்றால் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்பெனி மெயிலிலிருந்து பதில் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

உதயசூரியன் அதை நான்கு முறை படித்தான். இன்சார்ஜ் என்ற சொல் அவன் பெயருக்குப் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. சம்மதம் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி, செண்ட் பட்டனை அழுத்தினான்.

இப்போதைய ஒப்பந்தம் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவதாக மனைவி சுகுணாவிடம் அவன் சொல்லியிருந்தான். அதற்கு இன்னும் பதிமூன்று மாதம் இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் போன வருடம் கொல்லையில் போர்வெல் போட்டார்கள். அரை ஏக்கரில் முல்லை வைத்தாள் சுகுணா. பக்கத்து அரை ஏக்கரை உழுது போட்டிருந்தாள். மெயில் விஷயத்தை அவளிடம் சொல்லியாக வேண்டும் என்பது உதயசூரியனுக்குத் தெரியும். முதலில் மெயில் போகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மெயில் போகவில்லை. அவுட்பாக்ஸில் போய் நின்றுகொண்டது.

சிக்னல் சரியில்லை என்று முதலில் நினைத்தான். செல்போன் நெட்டைத்தான் லேப்டாப்புக்குக் கொடுத்திருந்தான். இரண்டையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். அங்கே வெயில் அடித்ததே தவிர மெயில் போகவில்லை. செவ்வாய்க்கிழமை, டவர் பக்கத்தில் இருந்தால் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் டவருக்குக் கீழேயே போய் நிறுத்தினான். பெட்ரோல் டேங்க் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தான். மெயில் வந்தது. வர்கீஸ் அனுப்பியது. 'தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று இருந்தது. அதற்கு அவன் எழுதிய பதில் முதல் பதிலுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

அதன் பிறகு சந்தேகம் கடிதத்தின் மேல் திரும்பியது. நீளமாக எழுதியதால்தான் போகவில்லையோ என்று மூன்றாவது கடிதத்தை ஒரே வரியில் எழுதினான். நான்காவதில் 'சம்மதம்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதுவும் போகவில்லை. தன் சொந்த மெயிலிலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தான். அது அடுத்த நொடியே போனது. 'கம்பெனி முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே பதிலாகக் கருதப்படும்' என்று அதற்குப் பதிலும் வந்தது.

புதன்கிழமை வர்கீஸுக்கே போன் போட்டான். அவர் மலையாளி, தமிழை மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"சார், எனக்குச் சம்மதம் சார். மெயில்தான் போக மாட்டேங்குது. வாட்ஸப்புல அனுப்பவா?"

"உதயா, வாட்ஸப்பு ஒரு டாக்குமெண்ட் இல்லா. எச்ஆர்ல மெயில் மாத்திரம்தான் எடுக்கும். நாளைக்கு அஞ்சு மணி, மறக்கண்டா."

மூன்று நாளாக அவன் மாடிக்கும் ரோட்டுக்கும் அலைவதைச் சுகுணா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்ன என்று கேட்டதற்கு ஸ்டாக் லிஸ்ட் அனுப்ப வேண்டும் என்றான்.

"அந்தக் கொழா கணக்கு இன்னுமா போகல?"

"போகல."

"லீவுல வந்தும் விட மாட்டேங்குறாங்களே" என்று அவனுக்காக வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தை அவன் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை விடிந்ததும் சுகுணா முல்லைப் பூவைப் பறித்து, கூடையோடு பஸ் ஏறிக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு உதயசூரியன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அதே ஊருக்குப் பைக்கில் போனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளெஸ்ஸியின் ஜெராக்ஸ் கடை இருந்தது. ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, பட்டா எடுப்பது, ஆதார் திருத்துவது, கல்லூரி விண்ணப்பம் போடுவது என்று ஊரில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் அங்கேதான் நடந்தது. பிளெஸ்ஸிக்கு முப்பது வயது இருக்கும். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பிரிவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவள்.

அவனுக்கு முன்னால் மூக்கன் பட்டா நகலுக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உதயசூரியனுக்கு மாமா முறை. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர்.

"வாங்க மாப்ள. எப்ப வந்தீங்க?"

"வந்து இருவது நாளாச்சு மாமா."

பிளெஸ்ஸி லேப்டாப்பை வாங்கித் தன் கடை லைனில் மாட்டினாள். எரர் செய்தியைத் திறந்து படித்தாள்.

"சிக்னல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. 'ரிலே டினைடு'ன்னு சொல்லுது. ஒங்க மெயில வாங்கி அனுப்பி வைக்க மாட்டேங்குது."

"வர்றது மட்டும் வருதே?"

"வர்றதுக்கு ஒரு சர்வரு, போறதுக்கு ஒரு சர்வருண்ணே. வர்றதுல ஒண்ணும் கோளாறு இல்ல. போற சர்வரு, ஒங்க கம்பெனி நெட்டுக்குள்ள இருந்து அனுப்புனா யாருன்னு கேக்காது. வெளியில இருந்து அனுப்புனா, நீ யாருன்னு பேரும் பாஸ்வேர்டும் கேக்கும். இதுல அதக் குடுக்குற மாதிரி செட்டிங்கே வைக்கல. அதான் திருப்பி விடுது."

"நான் எங்க வெளியில இருக்கேன்? எங்க வீட்லதான இருக்கேன்."

"அதுக்கு நீங்க வெளியூருண்ணே."

பிளெஸ்ஸி செட்டிங்கைத் திறந்து, வெளியே போகும் மெயிலுக்குப் பாஸ்வேர்டு தேவை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இருபத்தைந்து என்று இருந்த போர்ட் நம்பரை ஐநூற்று எண்பத்தேழு என்று மாற்றினாள். பழைய நம்பரை வெளியில் பல நெட் கம்பெனிகள் அடைத்து வைத்திருப்பார்கள், செல்போன் நெட்டில் நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கும் என்றாள். சரிபார்ப்பதற்காக அவுட்பாக்ஸைத் திறந்தாள். நான்கு கடிதங்கள் இருந்தன. நான்கிற்கும் ஒரே தலைப்பு.

"'இன்சார்ஜ் வேலை, மூணு வருச ஒப்பந்தத்துக்குச் சம்மதம்'னு போட்டிருக்கு. மூணு வருசமாண்ணே? இன்சார்ஜா? சொல்லவே இல்ல! சுகுணாக்கா அடுத்த வருசத்தோட முடிஞ்சுதுன்னுல்ல சொன்னாங்க?"

"அது... இனிமேத்தான்" என்றான் உதயசூரியன்.

மூக்கன் பட்டா நகலை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நல்ல விசயம்தான் மாப்ள" என்று சொல்லிவிட்டு மார்க்கெட் பக்கம் நடந்தார்.

சிறிது நேரத்தில் திரையில் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டது. உதயசூரியனுக்குப் பாஸ்வேர்டு தெரியாது. லேப்டாப் மாற்றியபோது ஐடி பிரிவில் ஷாஹித் என்ற பையன் போட்டுக் கொடுத்தது. அதன் பிறகு யாரும் கேட்கவே இல்லை. ஆபீஸுக்குப் போன் போட்டான். எடுத்த ஆள், ஷாஹித் லீவில் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னான்.

"வேற யாராவது மாத்திக் குடுக்க முடியாதா?"

"அவன்தான் பண்ணணும். மெயில் போட்டிருக்கோம். அவன் ஊர்ல இருந்து பதில் வரல."

"எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பீங்கண்ணே, யோசிங்க" என்றாள் பிளெஸ்ஸி.

உதயசூரியன் யோசித்தான். எழுதித்தான் வைத்திருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஷாஹித் சொல்லச் சொல்ல எழுதப் பேப்பர் கையில் இல்லாமல், அப்போது போனில் பேசிக்கொண்டிருந்த சுகுணாவிடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பத்திரமாகக் குறித்து வைக்கச் சொன்னான். உலகத்தில் அந்தப் பாஸ்வேர்டு ஷாஹித்துக்கு அடுத்தபடியாகச் சுகுணாவுக்குத்தான் தெரியும்.

கடைக்கு வெளியே போய் நின்று அவளுக்குப் போன் போட்டான். எடுத்ததும், பின்னால் மார்க்கெட் சத்தத்தோடு, மூக்கனின் குரலும் கேட்டது.

"சுகுணா, ஒரு பாஸ்வேர்டு..."

"எங்க இருக்கீங்க?"

"பிளெஸ்ஸி கடையில."

"அங்கேயே இருங்க. நான் வாரேன்."

அவள் வந்தபோது காலிக் கூடை இடுப்பில் இருந்தது. மூக்கன் காலி செய்துவிட்டுப் போயிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கூடையைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. உதயசூரியனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பிளெஸ்ஸி, அந்தக் கடுதாசில என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல படிச்சுச் சொல்லு."

பிளெஸ்ஸி உதயசூரியனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் முதல் கடிதத்தைப் படித்துச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள்.

"நாலும் அதேதாங்க்கா. போகப் போகச் சின்னதாயிருக்கு."

சுகுணா தன் போனை எடுத்துத் தேடினாள். 'கம்பெனி' என்ற பெயரில், நம்பர் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, எழுத்தும் எண்ணுமாகப் பதினோரு குறிகள் இருந்தன. போனைப் பிளெஸ்ஸியிடம் நீட்டினாள்.

"சுகுணா, நான் ராத்திரி சொல்லலாம்னுதான்..." என்றான் உதயசூரியன்.

"இது ஒங்க ஆபீஸ் பாஸ்வேர்டு. அத நான் பிடிச்சு வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? போடு பிளெஸ்ஸி." பிறகு ஒரு கணம் நிறுத்தி, "இதப் போட்டதும் கடுதாசி போயிருமா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இது சும்மா உள்ள விடுறதுக்குத்தான். செண்ட் குடுத்தாத்தான் போகும்."

"அப்பச் சரி. போட்டுட்டு நிறுத்து. நான் இவுககிட்ட ஒரு வார்த்த பேசணும்."

பிளெஸ்ஸி பாஸ்வேர்டை அடித்து ஓகே கொடுத்தாள். அவுட்பாக்ஸுக்குப் பக்கத்தில் நான்கு என்று இருந்தது மூன்று ஆனது. "அய்யோ" என்று அவள் நெட் வயரைப் பிடுங்கக் கையை நீட்டுவதற்குள் இரண்டாகி, ஒன்றாகி, எண்ணே இல்லாமல் போனது. நான்கு நாளாக நின்றவை நான்கு விநாடியில் போய்விட்டன.

மூவரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தானாப் போற மாதிரி வச்சிருக்காங்கக்கா. நான் பாக்கல. மன்னிச்சிருங்க" என்றாள் பிளெஸ்ஸி.

"ஒன்மேல தப்பில்ல" என்று சுகுணா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வேலதான் முடிஞ்சுருச்சுல்ல. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பைக்கில் அவள் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் சோறு போட்டாள். சுண்டைக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கொல்லைப் பக்கம் போனாள். அவனும் பின்னாலேயே போனான். உழுது போட்டிருந்த அரை ஏக்கரின் வரப்பில் நின்றார்கள்.

"இதுல என்ன வைக்கிறதுன்னு ஏன் இன்னும் முடிவு பண்ணாம போட்டு வச்சிருக்கேன், தெரியுமா?" என்றாள்.

அவன் வரப்பிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தான்.

"ஒங்களக் கேட்டு வைக்கலாம்னு. சம்பங்கி வைக்கணும்னா பாத்துக்க ஆள் வேணும். நீங்க வந்துருவீங்கன்னு சொன்னீங்க, அதான். அர ஏக்கர் நெலத்துக்கு நான் ஒங்கள ஒரு வார்த்த கேக்காம வைக்கல. நீங்க மூணு வருசத்த என்னைக் கேக்காம எழுதிட்டீங்க."

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருவியோன்னு..."

"சொல்லியிருக்கலாம். சொல்லாமயும் இருந்திருக்கலாம். அதான் ஒங்களுக்குத் தெரியாதுல்ல? மார்க்கெட்ல நாலு பேருக்கு முன்னாடி மூக்கன் மாமா வந்து 'மாப்ள பெரிய ஆளாயிட்டாரு போலருக்கே'ங்குறாரு. நான் என்னத்தன்னு கேக்குறேன். அந்த மனுசனுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

அந்த இடத்தில்தான் அவளுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். உதயசூரியன் கடைசியில் உள்ளதைச் சொன்னான்.

"எனக்கு அந்த வேல மேல ஆசதான் சுகுணா. பதினோரு வருசமாக் கொழாய எண்ணிக்கிட்டு இருக்கேன். எனக்குப் பின்னாடி வந்தவங்கள்லாம் மேல போயிட்டாங்க. ஒரு தடவையாச்சும் இன்சார்ஜுன்னு..."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பொண்ணு இலக்கியா இப்ப ப்ளஸ் ஒன். மூணு வருசம்னா அவ காலேஜ்ல பாதி முடிச்சிருவா. அதெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் குழாய்களைத்தான் எண்ணியிருந்தான். இதை எண்ணவில்லை. அதையும் ஒப்புக்கொண்டான்.

வெயில் தாழும் வரை அங்கேயே பேசினார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது ஒன்றுதான். இருக்கிற ஒப்பந்தம் முடியும் வரை, அதாவது இன்னும் பதிமூன்று மாதம், புது ஸ்டோரில் இன்சார்ஜாக இருப்பது. அதற்கு மேல் கிடையாது. கம்பெனி ஒத்துக்கொண்டால் ஆயிற்று. ஒத்துக்கொள்ளாவிட்டால் பழைய வேலையே போதும்.

நாலரை மணிக்கு வர்கீஸ் கூப்பிட்டார். அங்கே மூன்று மணி.

"உதயா, மெயில் கிட்டி. நாலு மெயில் கிட்டி. ஒண்ணு போதும். எச்ஆர்ல சிரிக்குது."

"சார், அதுல ஒரு மாத்தம் சார்."

"என்ன மாத்தம்?"

சுகுணா பக்கத்தில் நின்றாள். உதயசூரியன் சொன்னான்.

"உதயா, நாலு தடவை சம்மதம்னு எழுதியிட்டு இப்ப இப்படிப் பறயறது..."

"தெரியும் சார். வீட்ல கேக்காம எழுதிட்டேன் சார்."

வர்கீஸ் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகக் கேட்டது. அவருக்கும் கோட்டயத்தில் வீடு உண்டு. "சரி. அஞ்சு மணிக்குள்ள மெயில்ல எழுது. நான் கொடுத்து நோக்கறேன். கிட்டும்னு சொல்ல முடியாது."

இங்கே ஆறரை வரை நேரம் இருந்தது. உதயசூரியன் கட்டிலில் உட்கார்ந்து ஐந்தாவது கடிதத்தை எழுதினான். முந்தைய நான்கையும் ரத்து செய்துகொள்ளும்படி கேட்டு, காரணத்தை ஒரு வரியில் சொல்லி, பதிமூன்று மாதத்துக்கு மட்டும் சம்மதம் என்று முடித்தான். எழுதியதைச் சுகுணாவுக்குத் தமிழில் சொன்னான். 'வருந்துகிறேன்' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒரு இடத்தில் போதும் என்றாள். ஒன்றை எடுத்தான்.

"அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க."

போய்விட்டது. செல்போன் நெட்டில், மாடிக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே போனது. இரண்டு பேரும் அவுட்பாக்ஸைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு பதில் இல்லை. அந்த மூன்று நாளும் உதயசூரியன் காலையில் பூப் பறிக்கப் போனான். பதினோரு வருடமாகப் பழக்கமில்லாததால் சுகுணா மூன்று கிலோ பறிக்கும் நேரத்தில் அவனால் ஒரு கிலோதான் பறிக்க முடிந்தது. மொட்டோடு காம்பையும் சேர்த்துக் கிள்ளுவதாக அவள் திட்டினாள். அவள் திட்டத் தொடங்கியதில் அவனுக்கு நிம்மதி வந்தது.

திங்கட்கிழமை எச்ஆரிலிருந்து மெயில் வந்தது. ராசல் கைமா பணியிடம் மூன்று வருடத்துக்கு உரியது. குறைந்த காலத்துக்கு வழங்க இயலாது. அந்த இடத்துக்கு வேறொருவர் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார். தாங்கள் தங்கள் தற்போதைய பணியில் ஒப்பந்தம் முடியும் வரை தொடரலாம். கீழே, எதிர்காலத்தில் ஒரே மெயிலைப் பலமுறை அனுப்புவதைத் தவிர்க்கவும் என்று இருந்தது.

பாதி படித்ததுமே அவன் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அங்கே சுகுணாவுக்கு முதலிலிருந்து தமிழில் சத்தமாகப் படித்துச் சொன்னான்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"இருக்கத்தான் செய்யும்" என்றாள். காபியை ஆற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து குடித்தான். குடித்து முடித்ததும், சம்பங்கிக் கிழங்கு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டான்.

ஆலங்குடிப் பக்கம் ஒருவரிடம் கிடைக்கும் என்று மூக்கன் மாமா சொன்னார் என்றாள் சுகுணா. புதன்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். புதன்கிழமை மழை பெய்தது. வெள்ளிக்கிழமை போனார்கள்.